அடுத்த கச்சேரி எப்போது?

மாலை ஆறு மணிக்கு செல்போன் அடிக்கிறது. புழல் காவாங்கரைப் பக்கம் ஒரு வீட்டில் பெரியவர் தவறிவிட்டார். ராத்திரிக்குக் கானா வேண்டும் என்கிறார்கள். பாட்டுக்காரர் உடனே டோலக் வாசிப்பவருக்குச் சொல்கிறார். அவர் கீபோர்டு வாசிப்பவருக்குச் சொல்கிறார். வியாசர்பாடியிலிருந்து ஒருவர், புளியந்தோப்பிலிருந்து ஒருவர் என்று டூவீலரில் கிளம்பி, லாரிகளுக்கு நடுவே ஜி.என்.டி. சாலையில் புகுந்து வந்து சேர்கிறார்கள். ஒன்பது மணிக்குப் பந்தலில் உட்கார்ந்தால் எழுந்திருக்க விடிந்துவிடும். வடசென்னைக் கானாப் பாடகர்களில் பெரும்பாலானோருக்கு அடுத்த கச்சேரி எப்போது என்பதை, எங்கோ ஒரு வீட்டில் நேரும் சாவுதான் தீர்மானிக்கிறது.

பிரான்ஸில் ஓபரா பாடும் ஒரு முன்னணி பாரிட்டோன் பாடகரிடம் இதே கேள்வியைக் கேட்டால், மூன்று வருடம் கழித்து எந்த ஊரில், எந்த அரங்கில், எந்த வேஷத்தில் பாடப்போகிறார் என்று சொல்லிவிடுவார். அவ்வளவு முன்கூட்டியே ஒப்பந்தம் கையெழுத்தாகிவிடுகிறது. செப்டம்பரில் தொடங்கும் பருவத்துக்கான முழு நிகழ்ச்சி நிரலையும் பாரிஸ் ஓபரா பல மாதம் முன்பே அறிவித்துவிடுகிறது. யார் எந்த நாளில் பாடுகிறார் என்று பார்த்து ரசிகர்கள் டிக்கெட் எடுக்கிறார்கள்.

கதையைப் பெரும்பாலும் பாடியே நடிக்கும் இசை நாடகம் ஓபரா. அதில் ஆண்குரலின் நடு ஸ்தாயியில் நிற்பவர் பாரிட்டோன். காதலன் வேஷம் பெரும்பாலும் மேல் ஸ்தாயிக்காரரான டெனருக்குப் போய்விடும். அப்பன், அரசன், நண்பன், துரோகி ஆகிய கனமான வேஷங்கள் பாரிட்டோனுக்கு. நாடு வேறு, மொழி வேறு, இசை வேறு. ஆனால் இருவருக்கும் மூலதனம் தொண்டை ஒன்றுதான். மனிதத் துயரத்தை ஊர் கேட்கப் பாடுவதுதான் இருவருக்கும் பிழைப்பு. ஒருவருக்கு நாள் குறித்த மேடையும் வேலையில்லாத மாதங்களுக்கு உதவியும் உண்டு. மற்றவருக்கு இரண்டும் கிடையாது. இந்த இடைவெளியைத் திறமை உண்டாக்கவில்லை, ஏற்பாடு உண்டாக்கியது. அந்த ஏற்பாட்டை இங்கேயும் செய்ய முடியும்.

துண்டுச் சீட்டும் விருத்தமும்

பந்தலில் பாட்டு தொடங்குமுன் ஒரு சின்ன வேலை நடக்கிறது. பாடகர் வீட்டாரில் ஒருவரைப் பக்கத்தில் அழைத்து, இறந்தவரின் பெயர், பார்த்த வேலை, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், தெருவில் அவரைக் கூப்பிடும் பெயர் எல்லாவற்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்கிறார். ஹார்பரில் மூட்டை தூக்கியவரா, காசிமேட்டில் மீன் ஏலம் விட்டவரா, ரெட்ஹில்ஸ் அரிசி ஆலையில் வேலை பார்த்தவரா? அடுத்த அரை மணி நேரத்துக்குள் அத்தனையும் பாட்டாக வேண்டும். இதற்கு ஒத்திகை கிடையாது. எழுதிக் கொடுக்கவும் ஆள் கிடையாது.

கடவுள் வணக்கமும் குரு வணக்கமும் ஆனபின், தாளமில்லாமல் நீட்டிப் பாடும் விருத்தத்தில் இறந்தவரின் பெயர் முதன்முதலாக வருகிறது. கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்களின் அழுகை அந்த இடத்தில் வெடித்துக் கிளம்பும். பாடகர் நிறுத்துவதில்லை. அழுகைக்குக் கொஞ்சம் இடம் விட்டு, சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டு அடுத்த அடிக்குப் போகிறார். மகன் பெயர் வரும்போது மகன் எழுந்து வந்து பெட்டியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறார். பேத்தி பெயர் வரும்போது யாரோ அந்தக் குழந்தையைத் தூக்கிக் காட்டுகிறார்கள்.

பிறகு டோலக்கும் டேப் வாத்தியமும் சேரும். தாய்ப்பாசம், கூடப்பிறந்தவர்களின் பிணக்கு, குடியின் கேடு, வாழ்க்கையின் நிலையாமை என்று பாட்டு நகரும். நடுச்சாமத்துக்கு மேல் தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில் காதலும் கேலியும் உள்ளே நுழைகின்றன. பிணத்துக்குத் துணையிருப்பவர்கள் விழித்திருக்க வேண்டுமல்லவா? விடியற்காலையில் பாட்டு மறுபடி இறந்தவரிடம் வந்து, அவரை வழியனுப்பி முடியும். இரண்டு பேர் மாற்றி மாற்றிப் பாடினாலும் அது ஒரு தொண்டை தாங்கக்கூடிய எல்லை. மறுநாள் இரவும் அழைப்பு வந்தால் போகத்தான் வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் அந்த நாளின் வருமானம் போய்விடும்.

இந்த மண்ணின் பாட்டு

மரண கானா, கல்யாண கானா, காதல் கானா, ஜெயில் கானா என்று இதில் வகைகள் பல. துறைமுகம், பெரம்பூர் ரயில்வே பணிமனை, பின்னி ஆலை ஆகியவற்றை நம்பிக் குடியேறிய உழைப்பாளிகளின் குடிசைப் பகுதிகளில், பெரும்பாலும் தலித் மக்களின் குரலாக வளர்ந்தது கானா. அதற்கு முன்னோடிகளும் இதே வட்டாரத்தில் இருக்கிறார்கள். நிலையாமையைப் பாடிய பட்டினத்தாரின் சமாதி திருவொற்றியூர்க் கடலோரத்தில் இருக்கிறது. சித்தர் மரபில் பாடிய சூஃபி ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) வாழ்ந்து அடங்கியதும் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பகுதியில்தான். கானாவின் வேரைச் சித்தர் பாடல்களிலும் மஸ்தான் சாகிபு பாடல்களிலும் காண்பவர்கள் பலர்.

செவ்வியல் இசைக்கும் இந்தப் பக்கம் அந்நியமில்லை. திருவொற்றியூர் திரிபுரசுந்தரி மீது தியாகராஜர் ஐந்து கீர்த்தனைகள் இயற்றியிருக்கிறார். அவருடைய சீடர் வீணை குப்பையர், குப்பையரின் மகன் திருவொற்றியூர் தியாகய்யர் ஆகியோரின் வர்ணங்களையும் கீர்த்தனைகளையும் இன்றும் மேடையில் பாடுகிறார்கள். ஆனால் மார்கழி சீசனுக்கான சபாக்களும் அரங்குகளும் மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தியாகராய நகர் என்று தெற்கே குவிந்துவிட்டன. வடக்கே பாட்டு இருக்கிறது, பாடுபவர் இருக்கிறார், கேட்பவர் இருக்கிறார். பாடுவதற்கென்று நல்ல கூடங்கள்தான் குறைவு.

புழலுக்கும் கானாவில் ஓர் இடம் உண்டு. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே இருந்த பழைய மத்திய சிறையிலிருந்து 2006இல் கைதிகள் இங்கே மாற்றப்பட்ட பிறகு, ஜெயில் கானாவில் புழல் என்ற ஊர்ப்பெயர் நிரந்தரமாகிவிட்டது. மனு போட்டுப் பார்க்க வந்து வாசலில் காத்திருக்கும் அம்மா, செய்த தப்பை நினைத்து அழும் மகன், வெளியே போனதும் திருந்தி வாழ்வதாகச் செய்யும் சத்தியம் என்று அந்தப் பாட்டுகளின் உள்ளடக்கம் நேரடியானது. ஓபராவில் பாரிட்டோன் சுமக்கும் குற்றவுணர்வும் தகப்பன் துயரமும் இதே ரகம்தான்.

மார்செய் துறைமுகத்துக் குரல்கள்

வடசென்னையைப் போலவே மார்செய்யும் துறைமுக நகரம். உலகப் புகழ்பெற்ற இரண்டு பாரிட்டோன்களை அது தந்திருக்கிறது. முதலாமவர் விக்டர் மொரெல் (1848–1923). இத்தாலிய இசைமேதை வெர்தி தன் கடைசி இரண்டு ஓபராக்களை மிலான் லா ஸ்காலா அரங்கில் முதன்முறையாக மேடையேற்றியபோது, 1887இல் 'ஒதெல்லோ'வின் வில்லன் இயாகோவாகவும் 1893இல் ஃபால்ஸ்டாஃப் ஆகவும் பாடியவர் இவரே. ஓர் இத்தாலியப் பெருங்கலைஞர் தன் இறுதிப் படைப்புகளின் முக்கிய வேஷத்துக்கு ஒரு பிரெஞ்சுக் குரலைத் தேர்ந்தெடுத்தார் என்பது சாதாரண விஷயமில்லை.

இரண்டாமவர் லுடோவிக் தெசியே. 1968இல் மார்செய்யில் பிறந்தவர். இன்றைய வெர்தி பாரிட்டோன்களில் முதல் வரிசைக்காரர். அவரது வளர்ச்சியின் படிகளைக் கவனிக்க வேண்டும். முதலில் சொந்த ஊரிலேயே இளம் ஓபரா பாடகர்களுக்கான பயிற்சி மையத்தில் கற்றார். அடுத்து சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் அரங்கிலும், பிறகு லியோன் ஓபராவிலும் நிலையக் கலைஞராகச் சேர்ந்தார். அங்கே சின்ன வேஷம், நடுத்தர வேஷம் என்று ஒவ்வொன்றாகப் பாடித் தேறினார். பாரிஸ் மேடையில் 2018இல் வெர்தியின் 'சிமோன் பொக்கனெக்ரா'வில் நாயகனாக நின்றபோது அவருக்கு ஐம்பது வயது. வெர்தி பாடல்களைக் கொண்ட அவரது முதல் தனி ஆல்பம் வெளிவந்தது 2021இல்தான். பாரிட்டோன் குரல் நாற்பதுக்கு மேல்தான் முழுதாகக் கனியும் என்பது அந்தத் துறையில் எல்லாரும் அறிந்தது. கனியும்வரை காத்திருக்க வழி இருந்ததால் காத்திருக்க முடிந்தது.

அடுத்த தலைமுறைகளும் இதே பாதையில்தான் வந்தன. 1975இல் பிறந்த ஸ்தெஃபான் தெகூ லியோனில் பயின்று, 1999இல் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் இசைவிழாவில் மொஸார்ட்டின் பாப்பகேனோவாக அறிமுகமானார். பின்னர் தெபுஸ்ஸியின் பெலியாஸ் வேஷத்தால் உலகம் சுற்றினார். 1988இல் பிறந்த ஃப்ளோரியான் சாம்பே, பாரிஸ் ஓபரா இளம் பாடகர்களுக்காக நடத்தும் பயிற்சிப் பட்டறையில் 2010இல் சேர்ந்தவர். ரொசினியின் ஃபிகாரோ இன்று அவரது அடையாள வேஷம். அரசு இசைப் பள்ளி, பயிற்சிப் பட்டறை, சிறிய வேஷம், பெரிய வேஷம் என்று ஏணியில் படிகள் முறையாக இருக்கின்றன. படி ஏறுபவருக்கு அடுத்த படி எங்கே என்று தெரிகிறது.

பாரிஸின் பஸ்தீய் ஓபரா அரங்கில் சுமார் 2,700 இருக்கைகள். அங்கே மைக் இல்லாமல், முழு வாத்தியக் குழுவையும் மீறிக் கடைசி வரிசைவரை குரல் போய்ச் சேர வேண்டும். இது எப்படிச் சாத்தியம் என்பதை ஸ்வீடன் விஞ்ஞானி யோஹான் சுண்ட்பெரி 1970களில் விளக்கினார். வாத்தியக் குழுவின் ஒலி வலிமை 500 ஹெர்ட்ஸ் வாக்கில் அதிகம். அதற்கு மேலே போகப் போகக் குறைகிறது. பயிற்சி பெற்ற ஆண்குரல், தொண்டைக் குழியின் அமைப்பை மாற்றி 3,000 ஹெர்ட்ஸ் அருகே ஒலியைத் திரட்டுகிறது. அங்கே வாத்தியங்களின் போட்டி குறைவு. மனிதச் செவியும் அந்த இடத்தில்தான் கூர்மையாகக் கேட்கும். ஆக, அது கத்தலால் வரும் பலமல்ல. வருடக்கணக்கான பயிற்சியால் வருவது. அந்தக் குரலைக் காப்பதற்கென்றே ஒரு பெரிய வேஷத்தின் இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே ஓய்வு நாட்கள் விடுகிறார்கள். குரல்நாண் மருத்துவரைப் பார்ப்பது அவர்களுக்குத் தொழிலின் ஒரு பகுதி.

கானாப் பாடகரும் இதே மாதிரி ஒரு சவாலைச் சமாளிக்கிறார். சுற்றிலும் அழுகை, வெடி, பறை, தெருவில் போகும் வண்டிகள். இவற்றுக்கு நடுவே அவர் பாடும் ஒவ்வொரு சொல்லும் விளங்க வேண்டும். விளங்காவிட்டால் கானா இல்லை. யாரும் கற்றுத்தராமல், மூத்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டே அந்தக் குரலை வளர்த்துக்கொள்கிறார்கள். அது தேய்ந்தால் என்ன செய்வது என்பதையும் யாரும் கற்றுத்தருவதில்லை.

507 மணி நேரக் கணக்கு

பிரெஞ்சு ஏற்பாட்டின் உயிர்நாடி ஒரு எண்ணில் இருக்கிறது: 507. ஒரு கலைஞர் 12 மாதங்களில் 507 மணி நேரம் மேடையிலோ படப்பிடிப்பிலோ ஒத்திகையிலோ சம்பளத்துக்கு வேலை செய்ததாகக் கணக்குக் காட்டினால், வேலை கிடைக்காத நாட்களுக்கு அவருக்கு வேலையிழப்புக் காப்பீட்டிலிருந்து பணம் வரும். 1936இல் திரைத்துறையினருக்காகத் தோன்றிய இந்த முறை 1960களில் மேடைக் கலைஞர்களுக்கும் விரிந்தது. கலைஞரின் வேலை விட்டுவிட்டுத்தான் வரும் என்பதை அரசே ஒப்புக்கொண்டு, அந்த இடைவெளிக்கு ஒரு பாலம் போட்டது.

இது யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை. 2003இல் விதிகளை இறுக்க முயன்றபோது கலைஞர்களும் தொழில்நுட்பக்காரர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். உலகப் புகழ்பெற்ற அவிஞ்ஞோன் நாடக விழாவும் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் இசைவிழாவும் அந்த வருடம் ரத்தாயின. கொரோனாவில் அரங்குகள் மூடியபோது, 507 மணி நேரக் கணக்கைப் பார்க்காமல் 2021 ஆகஸ்ட் வரைக்கும், பிறகு அந்த ஆண்டின் இறுதிவரைக்கும் உதவியை நீட்டித்தது பிரெஞ்சு அரசு. அதே மாதங்களில் இங்கே ஊரடங்கு. இறுதிச் சடங்குக்கு இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற விதி. கானா வைக்க எந்தப் பந்தலும் இல்லை. கலைஞர்களின் வீட்டு அடுப்பை அண்டை வீட்டாரும் தன்னார்வலர்களும்தான் எரியவிட்டார்கள்.

பாரிஸ் ஓபராவுக்கு அரசு தரும் மானியம் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 கோடி யூரோ. அந்தப் பணத்தை நம்மால் கொடுக்க முடியாது, கொடுக்கத் தேவையுமில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் பின்னாலுள்ள கொள்கையை: பாடுவது உழைப்பு, உழைப்புக்குக் கணக்கு உண்டு, கணக்கு இருந்தால் உரிமை உண்டு.

சினிமா திறந்த கதவு

கானாப் பாடகருக்கு இங்கே தெரியும் ஒரே உயரமான படி சினிமா. மிஷ்கினின் 'சித்திரம் பேசுதடி' 2006இல் வந்தபோது கானா உலகநாதன் ஒரே பாட்டில் தமிழகம் முழுக்கத் தெரிந்தவரானார். 2012இல் பா. இரஞ்சித்தின் 'அட்டகத்தி' கானா பாலாவை அப்படியே உயர்த்தியது. சட்டம் படித்தவர் பாலா. மாநகராட்சித் தேர்தலில் சுயேச்சையாக நின்றவர். சினிமா அவரைக் கண்டுகொள்ளும்முன்பே ஆண்டுக்கணக்கில் இந்தத் தெருக்களில் பாடிக்கொண்டிருந்தவர்.

2018 ஜனவரி 6ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு தன் முதல் நிகழ்ச்சியை நடத்தியது இன்னொரு திருப்பம். நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய அந்தக் குழுவில், ராயபுரத்துப் பெண் இசைவாணி ஒருவர் மட்டுமே பெண் பாடகர். ஆண்களே கோலோச்சிய கானாவில் ஒரு பெண் நின்று பாடினார். 2020இல் பிபிசி வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பிடித்தார். அதே 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' விழா தொடங்கி, நாள் குறித்து, பெயர் அச்சிட்டு, கானாவை மேடையேற்றியது. எந்த நாளில் பாடப்போகிறோம் என்பது முன்கூட்டியே தெரிந்த மேடை இந்தக் கலைஞர்களில் பலருக்கு அப்போதுதான் வாய்த்தது.

இவை பெரிய வெற்றிகள். ஆனால் சினிமா ஒருவரைத் தூக்கினால் நூறு பேரை அப்படியே விட்டுவிடுகிறது. ஒரு பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டு மறந்துவிடுகிறது. வாய்வழியாகப் பிறந்து வாய்வழியாகவே பரவும் பாட்டுக்கு யார் சொந்தக்காரர் என்று எழுத்தில் இல்லாததால், கானா மெட்டு வேறொருவர் பெயரில் வெளியே போவதைத் தடுக்கவும் வழியில்லை. 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் பாடகருக்கும் ராயல்டியில் உரிமை கொடுத்தது. பின்னணிப் பாடகர்கள் 2013இல் சங்கம் அமைத்து அதை வசூலிக்கிறார்கள். பந்தலில் பாடுபவருக்கு அந்தச் சட்டம் இன்னும் எட்டவில்லை.

செய்யக்கூடியவை

முதலாவது, பதிவு. 2007 முதல் தமிழ்நாட்டில் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் இருக்கிறது. கல்வி, திருமணம், விபத்து, இறப்பு ஆகியவற்றுக்கு உதவி தரும் அமைப்பு அது. புழல், வியாசர்பாடி, காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று அந்தந்த இடத்திலேயே முகாம் போட்டு, கானாப் பாடகர்களையும் வாத்தியக்காரர்களையும் ஒருவர் விடாமல் அதில் சேர்க்க வேண்டும். மறுகுடியமர்வில் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போய்விட்டவர்களையும் தேடிச் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, மேடை. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. அக்கம்பக்கத்தார் தூக்கத்துக்கும் நியாயம் உண்டு. அதனால்தான் கானாவுக்கு ஒலி வெளியே போகாத, நல்ல ஒலியமைப்புள்ள கூடம் தேவை. 2024 மார்ச்சில் தொடங்கப்பட்ட வடசென்னை வளர்ச்சித் திட்டத்துக்குத் தொடக்கத்தில் ஒதுக்கிய தொகை 4,181 கோடி ரூபாய். அதில் ஒரு சின்னப் பங்கு போதும். மாதம்தோறும் யார் எப்போது பாடுகிறார் என்று பலகையில் எழுதிவைக்கும் ஒரு நிரந்தர அரங்கம் எழுந்துவிடும்.

மூன்றாவது, ஆவணமும் மருத்துவமும். மூத்த பாடகர்களின் பாட்டுகளை, பாடியவர், இயற்றியவர் பெயரோடு ஒலிப்பதிவு செய்து வைக்க வேண்டும். அதுவே நாளை உரிமைக்குச் சாட்சி. ஸ்டான்லி அரசு மருத்துவமனை இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. காது மூக்கு தொண்டைப் பிரிவில் வருடத்துக்கு ஒருமுறை குரல் பரிசோதனை முகாம் நடத்தினால், முற்றிய பிறகு தெரியவரும் தொண்டைக் கோளாறுகளை முளையிலேயே பிடித்துவிடலாம்.

நான்காவது நம் கையில் இருக்கிறது. கானா வைக்கும் வீட்டார் தொகையைப் பேசி முன்பணம் கொடுங்கள். நடுவில் சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் நேரம் விடுங்கள். நினைவுநாளுக்கோ காதுகுத்துக்கோ வைக்கிறீர்கள் என்றால் ஒரு மாதம் முன்பே சொல்லி, பத்திரிகையில் பாடகரின் பெயரை அச்சிடுங்கள். கல்லூரி விழாக் குழுக்கள், சபா நிர்வாகிகள், ஊர்த் திருவிழாக் கமிட்டியினர் அடுத்த வருட நிகழ்ச்சி நிரலை இப்போதே எழுதும்போது அதில் ஒரு கானாக் குழுவுக்கு ஒரு நாளை ஒதுக்குங்கள். அந்தத் தேதியை இன்றே ஃபோன் போட்டு அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.